நாவுலவுக்குப் போய்ச் சேராத மன்னிப்பு

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் முடிவில் எல்லோரும் எழுந்து நின்று, இயேசுவே ஆண்டவர் என்று வாய்விட்டு அறிக்கை செய்வது வழக்கம். மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடிதான் எங்கள் சபை. தகரக் கூரைக்குக் கீழே அத்தனை பேர் ஒன்றாகச் சொன்னாலும் என் அப்பாவின் குரல் தனியாகக் கேட்கும். கீழே ஆணி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் எனக்கு மானம் போகிற மாதிரி இருக்கும். ஆண்டவருக்குக் காது கேட்காதா என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"அவருக்குக் கேக்கும். எனக்கும் கேக்கணும்ல" என்றார்.

இயேசுவே ஆண்டவர் என்கிற அந்த ஒரு வரி அவருக்கு ஏன் அவ்வளவு பெரிது என்பது, அவர் பார்த்த வேலையைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் தப்பால்காரராக இருந்தார். ஆபீசிலிருந்து தபால் பையையும், தோட்ட நிர்வாகியான துரை வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிற தாக்கல்களையும் சுமந்துகொண்டு டிவிஷன் டிவிஷனாக நடக்கிற வேலை. ஆள் எந்த மலையில் நின்றாலும் தேடிப் பிடித்து, சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். ஆபீசுக்குத் திரும்பி வந்து "ஆளு இல்லைங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை.

அதே வேலையில் அவமானமும் இருந்தது. துரையின் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் பாதையை விட்டு இறங்கி, தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓரத்து வடிகால் கானுக்குள் நின்று சலாம் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கானில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடும். ஒருநாள் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகும்போதும் ஜீப் வந்தது. நாங்கள் இருவரும் மேலேயே நின்று வேடிக்கை பார்த்தோம். அப்பா எங்கள் கையைப் பிடித்து இழுத்துக் கானுக்குள் இறக்கினார். தம்பியின் ஒற்றைச் செருப்பு தண்ணீரோடு போய்விட்டது.

அடுத்த வருஷம் அவர் ஞானஸ்நானம் எடுத்தார். பாஸ்டர் அவரை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, இயேசுவை ஆண்டவராக அறிக்கை பண்ணுகிறீர்களா என்று கேட்டார். "ஆமா. இனிமே எனக்கு ஒரே தொரதான்" என்றார் அப்பா. கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஜீப் வந்தபோது பாதை ஓரமாக ஒதுங்கி நின்று, துண்டைத் தோளில் போட்டபடியே வணக்கம் சொன்னார். கணக்கப்பிள்ளை ஏசினார், கொஞ்ச நாள் பெரிய கணக்கப்பிள்ளை வரையில் முறைத்தார்கள். அப்பா மசியவில்லை. எனக்கு என் அப்பாவை ரொம்பப் பிடித்துப்போனது அந்த நாட்களில்தான்.

ஆனால் ஒரு நல்ல காரியம் கையில் கிடைத்தால் அதை அளவாக வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யார் காலிலும் விழ மாட்டேன் என்று தொடங்கியவர், தன் காலிலும் யாரும் விழக்கூடாது என்று போனார். கால் தொட்டுக் கும்பிடுவது ஆண்டவருக்கு மட்டும் உரியது என்பது அவர் கட்சி. என் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் நானும் ஆசீர்வாதத்துக்குக் குனிந்தபோது, சுடுதண்ணி பட்டவர் மாதிரி பின்னால் துள்ளினார். மாப்பிள்ளை நிலைகுலைந்து மேளக்காரர் மேல் போய் விழுந்தார். என் மாமியார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். நாங்கள் டவுனுக்குக் குடிவந்த பிறகு, சித்திரை வருஷப் பிறப்புக்குப் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் வெற்றிலை அடுக்கோடு கும்பிட வந்தாலும் இதே கதைதான். எங்கள் தெருவுக்கு அது பழகிவிட்டது. "அங்கிளுக்கு வெத்தில வேணாம்" என்று சிரித்துக்கொண்டே கிரிபத் பாற்சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போவார்கள்.

அம்மா இதற்கெல்லாம் தலையாட்டியதில்லை. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவள். "எனக்கு என் ஆத்தா இருக்கா. ஒங்க தொரைய நீங்களே வச்சிக்கங்க" என்பாள். இருவருக்கும் அதில் சண்டை வந்ததில்லை. சண்டை வேறு இடத்தில் காத்துக்கொண்டிருந்தது.

என் தம்பி டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தான். சாமான் எடுக்கத் தம்புள்ளைக்கு மோட்டார் சைக்கிளில் போனவனை, நாவுலவுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் மரக்கறி லொறி அடித்துவிட்டது. ட்ரைவர் தூங்கிப்போனானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை. அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொருவரையும் எனக்கு அறையத் தோன்றியது.

அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறே அப்பா சபைக்குப் போனார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார். இயேசுவை ஆண்டவர் என்று சொல்லிக்கொண்டு பழியை மனசில் வைத்திருக்க முடியாது, அந்த ட்ரைவரை நான் மன்னித்துவிட்டேன் என்றார். குரல் உடையவில்லை. சபை முழுக்க ஆமென் என்றது, பெண்கள் அழுதார்கள், பாஸ்டர் வந்து கட்டிப் பிடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு காலுக்குக் கீழே இருந்த சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தகப்பன் மனசைப் பிய்த்துத்தான் அதைச் சொன்னார்.

ட்ரைவர் பிணையில் வெளியே வந்ததும், தன் தாயோடு அப்பா அம்மா வீட்டுக்கு வந்தான். பிற்பகல் நேரம். த்ரீவீல் வாசலில் நின்றது. அந்த அம்மா இறங்குவதற்கே வெகுநேரம் பிடித்தது. முகமும் காலும் வீங்கியிருந்தன, சிறுநீரக வருத்தம். மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலிருந்து நேரே வருவதாகச் சொன்னார். வெள்ளைச் சேலை. கையில் வெற்றிலை அடுக்கு. பிழை பொறுக்கக் கேட்கப் போகும்போது சிங்களவர்கள் அப்படித்தான் போவார்கள். வெற்றிலையைக் கொடுத்துக் காலில் விழுவார்கள். எதிரே இருப்பவர் வெற்றிலையை வாங்கிக்கொண்டால் பொறுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அப்பா முன்னறையில் கதிரையில் இருந்தார். அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாத்தயா, எனக்கு இனி ரொம்ப நாள் இல்ல" என்று அந்த அம்மா சிங்களத்தில் சொன்னார். "கோர்ட்டு குடுக்கிற தண்டனைய என் மகன் அனுபவிக்கட்டும். அதுக்கு நான் ஒண்ணும் கேட்டு வரல. அவன மன்னிச்சிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். அதக் கேட்டுட்டு நான் போயிருவேன்."

அப்பாவை அதற்குமுன் யாரும் மாத்தயா, அதாவது ஐயா, என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த அம்மா வெற்றிலையை நீட்டிக்கொண்டே மெதுவாக முழங்காலில் இறங்கினார். அவருக்குப் பின்னால், முப்பது வயது மதிக்கத்தக்க அந்த ட்ரைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அப்பா காலை இழுத்துக்கொண்டார்.

ட்ரைவரின் நெற்றி வெறும் தரையில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா எழுந்து, இரண்டு கைகளையும் உதறி, "இல்ல, இல்ல" என்று தமிழில் என்னவோ சொல்லிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஜெபம் தொடங்கிற்று. எங்கள் சபை ஜெபத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மெதுவாகச் செய்யத் தெரியாது. கட்டிலைத் தட்டினார், கதறினார், தொண்டை கிழியக் கூப்பிட்டார். கர்த்தாவே, இந்தத் தாயின் சரீரத்தைத் தொடும், இந்த மகனைக் கைவிடாதேயும், இவன் மேல் பழி வராமல் காத்துக்கொள்ளும் என்று வரிசையாகக் கேட்டார். அவ்வளவும் நல்ல வார்த்தைகள். அவ்வளவும் தமிழில்.

அந்த அம்மா வெற்றிலையைக் கதிரையில் வைத்துவிட்டு மகனின் தோளைப் பிடித்து எழுந்தார். இருவரும் என்னைப் பார்க்காமல் த்ரீவீலில் ஏறினார்கள். அப்பா ஜெபிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியுமே. அம்மா வெளியே வந்து வெற்றிலை அடுக்கைப் பார்த்தாள். அதை ஈரத்துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு இலையாகக் கறுத்து, கடைசியில் அதை அவளே வெளியே போட்டாள்.

விஷயம் எனக்குத் தெரியவந்தது மரக்கறிக் கடையில். படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வழக்கமாக வாங்குகிற கடை. அதன் முஸ்லிம் முதலாளி நாவுல தோட்டக்காரர்களிடம் சரக்கு எடுக்கிறவர். நாவுலவில் இருக்கிற அந்த ட்ரைவரின் குடும்பத்தை அவருக்குத் தெரியும். போஞ்சியை நிறுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், கோவிச்சிக்க வாணாம். ஒங்கட அப்பா அந்த மனிசிக்கும் மகனுக்கும் சாபம் உட்டாராம்ன்னு அங்க கதைக்கிறாங்க. வெத்திலயத் தொடவும் இல்லையாம், காலையும் இழுத்துக்கிட்டாராம், கதவச் சாத்திட்டு உள்ளுக்கு இருந்து சத்தம் போட்டுச் சாபம் உட்டாராம். அந்தப் பொடியன் இப்ப ஊட்ட உட்டு வெளிய வாறதில்ல. உம்மாக்காரி சரியா சாப்புடுறதும் இல்ல."

போஞ்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "நான் அவங்களுக்காகல்ல ஜெபிச்சேன்" என்றார். "நான் மன்னிச்சிட்டேன். சபையில சொல்லிட்டேன். ஆண்டவருக்குத் தெரியும்."

அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். தம்பி போனதிலிருந்து அவள் ஒழுங்காகப் பேசியதே அன்றைக்குத்தான்.

"என்னால அந்தப் பயல மன்னிக்க முடியல. நான் அப்புடிச் சொல்லவும் இல்ல. நீங்கதான் சொன்னீங்க, மன்னிப்புக் குடுத்துட்டேன்னு. கேட்டு வந்தவளுக்குக் குடுக்காம யாருக்குக் குடுத்தீங்க? ஒங்க ஆண்டவரு என்ன, காலை இழுத்துக்கச் சொன்னாரா?"

அதைக் கேட்டு அப்பா அடுத்த நாவுல பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மனிதர் அப்படி இல்லை. மழை என்றார், முழங்கால் வலி என்றார், வழக்கு நடக்கும்போது போகலாமா என்று பாஸ்டரிடம் கேட்டார். பாஸ்டர் ஜெபித்து முடிவெடுப்போம் என்றார். ஜெபித்தார்கள். ஆண்டவரே நாவுல பஸ்ஸில் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்களோ என்னவோ, எனக்கு எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை மட்டும் தவறவில்லை. ஆனால் அப்பாவின் குரல் குறைந்துகொண்டே வந்தது. கீழே கடைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வெள்ளைச் சாரமும் சட்டையும் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் வெற்றிலை அடுக்கு. அவர் வாழ்க்கையில் வெற்றிலை வாங்கி நான் பார்த்ததில்லை. என்னையும் கூட வரச் சொன்னார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றார், அதனால் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா வெற்றிலையைப் பார்த்தாள். பிறகு, "அந்தம்மாகிட்ட நானும் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

"என்னன்னு சொல்ல?" என்று அப்பா கேட்டார்.

"அவ சோறு திங்கணும். பெத்தவ பட்டினி கிடக்க வேணாம்னு சொல்லுங்க. பயலப் பத்தி இல்ல. அவளுக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. அவ்வளவு தூரம் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில் தானாகவே பேசினார்.

"தொர ஒரு தாக்கல் குடுத்து அனுப்புனா, மலைக்குப் போயி ஆளுகிட்ட சொன்னாத்தான் வேல முடிஞ்சிச்சு. நான் என்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? ஆபீஸ் வாசல்லயே நின்னுகிட்டு, தொர சொன்னத தொரகிட்டயே சத்தமாத் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

அவரை விட்டால் ஆண்டவர் என்று சொல்வதன் அர்த்தத்தை யாரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வேறு துரை இல்லை என்பது அதில் பாதிதான். மிச்சப் பாதி, இந்தத் துரை வேலை சொல்வார் என்பது. சுகமான பாதியை அப்பா இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாவுலவில் இறங்கி த்ரீவீல் பிடித்தோம். வயல் ஓரமாகப் போகிற மண் பாதையில் திரும்பியதும் சாவு வீட்டு வெள்ளைக் கொடிகள் தெரிந்தன. இரண்டு பக்கமும் கயிற்றில் கட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து, சில கயிற்றோடு சுற்றிக்கொண்டு கிடந்தன. அப்பா அவற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். த்ரீவீல்காரரிடம் யார் வீடு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாங்கள் போகவேண்டிய வீட்டின் முன்னால்தான் அந்தக் கொடிகள் முடிந்தன.

ட்ரைவர் முன்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. சுவரோரம் மேசையில் அந்த அம்மாவின் படம், அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு. எங்களைக் கண்டதும் அவன் எழுந்திருக்கவும் இல்லை. இன்னும் ஏதோ சாபம் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்தான் போல.

அப்பா நேரே போய் அவனுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். வலிக்கிற முழங்கால், கதிரையின் கையைப் பிடித்து இறங்கினார். வெற்றிலையை நீட்டிக்கொண்டு, அவன் காலைத் தொடக் குனிந்தார்.

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

வயதில் மூத்தவர் இளையவனைக் கும்பிடுவது அவர்களுக்குப் பெரிய பாவம். உள்ளேயிருந்து ஓடி வந்த பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று சத்தம் போட்டார்கள். அவன் கதிரையோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான். அப்பாவின் கை, அவன் கால் இருந்த இடத்தில், வெறும் தரையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அப்படியே இருந்துகொண்டு, தனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில், மகனே என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் சாபம் போடல புத்தா. ஒனக்காகவும் அம்மாவுக்காகவும்தான் கடவுள்கிட்ட கேட்டேன். ஒன்ன நான் அப்பவே மன்னிச்சிட்டேன். நீங்க வாறதுக்கு முந்தியே மன்னிச்சிட்டேன்."

அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே" என்றான். "அம்மா கேட்டிருப்பாங்க."

பிறகு குனிந்து அப்பாவின் கையிலிருந்த வெற்றிலையை வாங்கினான். வாங்கி, என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவின் மடி வெறுமையாக இருந்தது. என் தம்பியைக் கொன்றவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த அவன் முதுகு என் கண்ணை விட்டுப் போகவில்லை. மன்னிக்காமல் இருப்பதும் அதன் பிறகு சுலபமாக இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா எழுந்து வந்தாள். தலை சீவி, நெற்றியில் விபூதி இட்டிருந்தாள். எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் அந்த வெள்ளைக் கொடிகளைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை.

"சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"என் தாக்கல? அந்தம்மாகிட்ட சொன்னீங்களா? என்ன சொன்னா?"

அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துரையைக் காணும்போது வைத்துக்கொள்வாரே, அதே மாதிரி. எங்கள் முகத்தைப் பார்க்காமல், நடைப் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆளு இல்லம்மா."